மலைப்பணிக்கு வருவோருக்கு: வாழவந்தி நாட்டை முன்வைத்து ஒரு திறந்த மடல்

பிற நாடுகளிலிருந்தும் சமவெளி நகரங்களிலிருந்தும் மலைமக்களிடையே பணியாற்ற வரும் மிஷனரிகள், மருத்துவர்கள், செவிலியர், ஆசிரியர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள் அனைவருக்கும்,



நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் மேட்டுநிலம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், ‘நாடு’ என்று வழங்கும் பல பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஊர்களின் தொகுதியாகவும், அம்மக்களின் உறவுமுறைக்கும் வழக்குத் தீர்வுக்கும் எல்லையாகவும் விளங்கும் இந்நாடுகளில் ஒன்றே வாழவந்தி நாடு. சங்க இலக்கியம் குறுநிலத் தலைவன் ஓரியின் மலையாகவும் கொல்லிப்பாவை என்னும் தெய்வத்தின் இருப்பிடமாகவும் அறிந்த இம்மலையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்து ஏறுகிறது. நூறாண்டுகளுக்கு முன் சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ டோலியில் சுமக்கப்பட்டோதான் இங்கு வரமுடிந்தது. அவ்வாறு வந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே அடக்கமான அயல்நாட்டு இணையர் ஒருவரின் அன்றாடப் பணியை எடுத்துக்காட்டி, தொண்டு என்பதை இம்மலை எந்த அளவுகோலால் அளக்கிறது என்பதை உங்கள்முன் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

அவ்விணையரிடம் செல்லுமுன், ஒப்பீட்டுக்காக வேறொரு பணிமுறையைப் பார்ப்போம். அயல்நாட்டு மிஷனரி என்றவுடன் இன்றைய நகரவாசிகள் சிலரின் மனத்தில் எழும் உருவம் மார்மன் இளைஞருடையது. வெள்ளைச் சட்டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்து இருவர் இருவராக வீதியில் செல்லும் இவர்கள், ஜோசப் ஸ்மித் என்பவரால் 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கப்பட்டு, இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’யைச் சேர்ந்தவர்கள். ‘மார்மன்’ என்பது அச்சபை தனக்கெனப் பெற்றுள்ள மறைநூலின் பெயரால் பிறர் இட்ட பெயர். பொதுவாக ஆண்கள் இரண்டு ஆண்டுகளும் பெண்கள் ஒன்றரை ஆண்டும் இப்பணியில் இருப்பர். ஊதியம் கிடையாது, செலவைப் பெரும்பாலும் அவர்களோ அவர்களுடைய குடும்பத்தாரோ ஏற்கின்றனர். காலை ஆறரை மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மறைநூல் படிப்பு, மொழிப்பயிற்சி, அதன்பின் நாள் முழுவதும் வீடுவீடாகச் செல்வதும் சந்திப்புகளும், இரவு பத்தரை மணிக்கு உறக்கம் என்பதே நெடுங்காலம் அவர்களுடைய நாளின் அமைப்பாக இருந்தது. ‘துணைவர்’ எனப்படும் மற்றவரைப் பிரிந்து தனியே எங்கும் செல்லலாகாது; காபியும் தேநீரும் விலக்கு என்பதால், வந்தவர்க்குக் காபி கொடுத்து உபசரிக்கும் தமிழ் வீட்டில் அதை மறுக்கும் சங்கடமும் அவர்கள் நாள்தோறும் கடக்கவேண்டிய ஒன்றே. வாரத்தில் ஒருநாள் துணி துவைக்கவும் கடைக்குச் செல்லவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் விடப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை மட்டுமே பெற்றோருடன் பேசலாம் என்றிருந்த விதி 2019இல் தளர்ந்து, வாரந்தோறும் பேச இசைவு கிடைத்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டையும் படிப்பையும் விட்டு, அறியாத மொழியொன்றின் நடுவே இத்தகைய கட்டுப்பாட்டுக்குத் தம்மை ஒப்படைக்கும் இளையோரின் மனவுறுதியை எளிதாக எண்ணிவிடுதல் தகாது.

ஆயினும் அம்முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத் தமிழ்நாட்டு வரலாறே காட்டுகிறது. அச்சபையில் ஞாயிறு பள்ளியை 1849இல் தொடங்கிவைத்த ரிச்சர்ட் பாலண்டைன், 1853 ஜூலையில் துணைவர்களுடன் சென்னைக்கு வந்து, சபையின் இதழொன்றையும் அங்கிருந்தே அச்சிட்டு வெளியிட்டு, சற்றேறக்குறைய ஓராண்டு உழைத்து, 1854இல் திரும்பிச் சென்றார். அவருடைய பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தமையால் சென்னையின் ஐரோப்பியரிடையே மட்டும் சிறிதளவு சென்று, தமிழ் பேசிய பெருந்திரளை எட்டாமல் நின்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அச்சபை தன் மிஷன் பிரிவை 1993இல் அமைக்கும் வரையில் கழிந்த காலம் ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல். பாலண்டைனிடம் ஊக்கம் குறைவாக இல்லை. மொழியும் காலமுமே குறைவாக இருந்தன.

இக்குறை இரண்டையும் நிறைத்த வாழ்வொன்றைக் காண வாழவந்திக்கு வரவேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் கட்டடத் தொழிலறிந்த ஆங்கிலேயர். லண்டனில் மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவம் கற்பித்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சி பெற்று, 1907இல் இந்தியா வந்தவர். எவ்லின் ஹாரிஸ், 1879இல் பிறந்து, லண்டனின் செல்வக் குடும்பமொன்றில் வளர்ந்து, ஓவியம் பயின்றவர். இருவரும் ‘ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்’ என்னும் அமைப்பின் ஊழியர்கள். குழந்தைகளுக்கன்றி, விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட வயதுவந்தோருக்கே முழுக்குத் தருவதும், அம்முழுக்குப் பெற்றவரை மட்டுமே திருவிருந்தில் சேர்ப்பதும் அப்பிரிவின் வழக்கம். 1913 ஆகஸ்டில் மணம் முடித்த கையோடு அவர்கள் மலையேறி, வாழவந்தியில் குடியமர்ந்தனர். அவர்களுடைய வீட்டின் மரச்சட்டங்கள் கீழே அறுத்து இழைக்கப்பட்டு ஆள்சுமையாக மேலே கொண்டுவரப்பட்டன. கறையானுக்கு அஞ்சி வீடு தூண்களின்மேல் எழுப்பப்பட்டது. ஒவ்வொரு தூணின் தலைமாட்டிலும், கறையான் ஏறிவர முடியாதபடி, வாணலி போன்ற உலோகத் தட்டொன்று கவிழ்த்து வைக்கப்பட்டது. விருந்தாளியாக வந்தவர் தூணுக்குத் தட்டுக் கவிழ்ப்பதில்லை. தங்குவதென்று முடிவுசெய்தவரே கவிழ்ப்பர்.

அவர்கள் வந்தடைந்த இடம் ஆளற்ற காடன்று. காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோர் சேர்வராயன்மலை, பச்சைமலை, கொல்லிமலை எனப் பிரிந்து குடியேறியதாக மரபு கூறும் மலையாளி மக்கள் (கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லன்று இது, மலையை ஆள்பவர் என்று பொருள்பட வழங்கும், தமிழ் பேசும் பழங்குடியின் பெயர்) இங்கு ஊர்க்கவுண்டர், பட்டக்காரர், பூசாரி என்ற பொறுப்புகளோடு தமக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டு வாழ்ந்தனர். அறப்பளீசுவரரும் எட்டுக்கை அம்மனும் அவர்களுடைய வழிபாட்டின் பழமையைச் சொல்லும். சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து, பள்ளத்தில் படிப்படியாக வயலமைத்து நெல் நட்ட அம்மக்களுக்கு இல்லாதிருந்தவை நோய்க்கு மருந்தும், பிள்ளைகளுக்குப் பள்ளியும், கடன்கொடுத்தோரிடமும் அதிகாரிகளிடமும் தம் வழக்கை எடுத்துரைக்கும் எழுத்தறிவுமே ஆகும். பிராண்ட் இணையரின் நாள்கள் இத்தேவைகளைச் சுற்றியே அமைந்தன. காலையில் வீட்டு வாசலில் கூடுவோரின் புண்களைக் கழுவிக் கட்டுவது, பல் பிடுங்குவது, காய்ச்சலுக்கு மருந்து அளப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோடு தச்சும் கட்டட வேலையும் நெசவும் பழக்குவது, பிறகு குதிரையிலோ கால்நடையாகவோ ஊர்ஊராகச் சென்று மருந்து கொடுத்து, மரத்தடியில் அமர்ந்து தம் சமயத்தை எடுத்துச் சொல்வது என்று அந்நாள்கள் கழிந்தன.

அப்பணிகளுள் நரம்புச்சிலந்தி நோய்க்கு ஜெஸ்ஸி செய்த பணி அருகிருந்து காணத்தக்கது. கிணற்று நீரிலுள்ள மிகச் சிறிய நீர்ப்பூச்சியின் உடலில் இருந்துகொண்டு, குடிப்பவரின் வயிற்றுக்குள் புகும் நரம்புச்சிலந்திப் புழு, ஏறத்தாழ ஓராண்டு உள்ளேயே வளர்ந்து, சில வேளைகளில் ஒரு மீட்டர் நீளம் வரை எட்டி, காலிலோ பாதத்திலோ கொப்புளமிட்டு வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காத நோயாளி காலை நீரில் வைக்கும்போது புழு தன் குஞ்சுகளை அந்நீரில் விட்டுவிட, படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறு அடுத்த ஆண்டு நோய்க்கு மீண்டும் ஊற்றாகிவிடும். வெளிவந்த நுனியை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓரிரு அங்குலமாக, அறுந்துவிடாமல் இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு உள்ளே அறுந்து, சீழ்பிடித்து, கால் முடமாகும். ஜெஸ்ஸி பிராண்ட் இவ்வாறு குச்சியில் புழுவைச் சுற்றிக்கொண்டே, மறுபுறம் கிணறுகளைச் சுற்றிச் சுவரெழுப்பி, எவரும் நீருக்குள் கால் வைக்காமல் மேலிருந்து இறைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவர முயன்றார். மருந்தும் தடுப்பூசியும் இல்லாத இந்நோய், நீரைக் காக்கும் இத்தகைய வழிகளாலேயே பின்னாளில் இந்தியாவை விட்டு நீங்கியது. கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு நோய்நீக்கச் சான்று அளித்தது. அப்பெருவெற்றிக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, சுவரெழுப்பிய ஒவ்வொரு கிணறும் அதே வழியில்தான் சென்றது.

இவ்வளவு உழைத்தும் பல ஆண்டுகள் அவர்களுடைய சமயத்தில் ஒருவரும் சேரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் வெளிப்படையாக எதிர்த்து நின்றார். பணியின் பயனை எண்ணிக்கையில் கேட்கும் எந்தத் தலைமை அலுவலகமும் அந்நிலையில் அவர்களைத் திரும்ப அழைத்திருக்கும். 1918–19ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் இம்மலைக்கும் ஏறியபோது, ஓர் ஊரில் எல்லா வீட்டாரும் ஒருங்கே படுத்துவிட, தண்ணீர் மொண்டு தரவும் ஆளில்லாத நிலை வந்தது. மருந்தில்லாத அந்நோய்க்குக் கஞ்சியும் தண்ணீரும் பக்கத்தில் ஒரு மனிதரும் தேவை என்பதறிந்து, கஞ்சியைக் காய்ச்சிக் குடிசைதோறும் ஊட்டிச் சென்றவர்கள் இவர்களே. எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அந்நோயில் விழுந்தனர். இறக்கும் தறுவாயில் தம் பச்சிளம் பெண்குழந்தையைப் பூசாரி பிராண்ட் இணையரிடமே ஒப்படைத்தார். மலைமக்கள் அவர்களைத் தம்மவராகக் காணத் தொடங்கியது அதன்பிறகுதான். ஐந்தாண்டுப் பேச்சு சாதிக்காததைச் சாவீட்டில் உடனிருந்தமை சாதித்தது.

மலையிலிருந்து அவர்கள் பெற்றுக்கொண்டதும் குறைவன்று. 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் மண்ணரிப்பைப் பற்றி எழுதிய ‘ஒரு கை சேறு’ என்று பொருள்படும் கட்டுரையில், இம்மலையில் தான் பெற்ற பாடமொன்றைப் பதிவு செய்துள்ளார். படிவயலில் மலைப் பிள்ளைகளோடு தவளை பிடித்து விளையாடி, நாற்றை மிதித்துச் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, வயல் நீரைக் காத்துவந்த தாத்தா ஒருவர் வந்து, ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, ஆண்டுதோறும் சோறு போடுவது அச்சேறே என்றும், வரப்பைத் தாண்டும் நீர் தெளிவாக இருந்தால் கேடில்லை, கலங்கிப் போனால் உடன்போகும் மண் ஒருநாளும் மலைக்குத் திரும்பி வராது என்றும் விளக்க, பிள்ளைகள் ஆட்டத்தை விட்டு ஒழுங்காக வீடு திரும்பினர். நிலவியலும் வேளாண்மையும் படித்தவர்கள் பல பக்கங்களில் சொல்வதைப் பள்ளிக்கூடமே காணாத ஒருவர் ஒரு கைப்பிடியில் வைத்துச் சொன்னார் என்பதையும், அயலார் வீட்டுப் பிள்ளையைத் தன் ஊர்ப் பிள்ளையைப் போலவே நிறுத்திக் கண்டித்தார் என்பதையும் மலைக்குக் கற்பிக்க வருவோர் மறக்கலாகாது.

இவ்வாழ்வுக்குக் கொடுத்த விலையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1923இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றபோது, ஒன்பது வயது பாலும் தங்கை கோனியும் படிப்புக்காக உறவினரிடம் விடப்பட்டனர். பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினர். தந்தை மலையின் மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் விவரித்துத் தொடர்ந்து எழுதிய கடிதங்களே பிள்ளைகளுக்கு அவருடைய முகமாயின. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி இரத்தச் சிவப்பணுக்கள் பெருமளவில் அழிந்து சிறுநீர் கறுத்துப்போகும் நிலையே அப்பெயரால் வழங்குகிறது. அவர் வாழவந்தியில் அடக்கம் செய்யப்பட்டார். மரணச் செய்தி தந்தியில் லண்டனை அடைந்தபின், அவர் முன்னரே எழுதி அனுப்பிய கடிதம் கப்பலில் வந்து மகனைச் சேர்ந்தது. மார்மன் இளைஞர் வாரந்தோறும் தாயுடன் பேசுவதற்கு இசைவு தந்த விதித்திருத்தம் எவ்வளவு நல்லது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால் புரியும். தொண்டு செய்பவரின் பிள்ளைகள் அத்தொண்டுக்காகத் தனித்து விடப்படவேண்டும் என்பதை எந்த மலையும் கேட்டதில்லை.

கணவர் இறந்தபின் எவ்லின் பிராண்ட் பணியை விடவில்லை. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன், பெரியமலை, சித்தேரி ஆகிய மலைகளுக்கும் செல்வதென்று இருவரும் முன்னரே கருதியிருந்தனர். ஓய்வு வயதைக் காட்டி மிஷன் அமைப்பு அவரை மீண்டும் அனுப்பத் தயங்கியபோது, ஓராண்டு மட்டும் கேட்டு வந்து, அது முடிந்ததும் அமைப்பிலிருந்து விலகி, தன் பொறுப்பில் மலையேறிவிட்டார். அப்போது அவருக்கு 68 வயது. எலும்பு முறிந்தபின் இரு மூங்கில் கழிகளை ஊன்றியும், மலைக்குதிரையில் அமர்ந்தும், முடியாதபோது டோலியில் சுமக்கப்பட்டும் ஊர்களுக்குச் சென்று, மருந்து கொடுத்து, ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்து, ‘பாட்டி பிராண்ட்’ என்று அழைக்கப்பெற்று, 1974 டிசம்பரில் 95 வயதில் மறைந்தார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அடக்கமானார்.

இவ்வாழ்வின் பயன் மலையோடு நின்றுவிடவும் இல்லை. தந்தையைப் போலவே முதலில் கட்டடத் தொழில் கற்று, பின்னர் மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். விரல்கள் தேய்ந்து விழுவது நோய் தசையைத் தின்பதால் என்ற எண்ணத்தை மாற்றி, வலியுணர்வு இழந்த கை அறியாமலே நெருப்பிலும் கூரிய பொருளிலும் படும் காயங்களே அதற்குப் பெருங்காரணம் என்று நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். கையால் செய்யும் தொழிலின் அருமையைச் சிறுவயதிலேயே அறிந்த ஒருவர், கை இழந்தோர்க்குக் கையை மீட்டுத் தந்தார்.

இவ்வரலாற்றைப் போற்றும்போதே ஒரு வினாவையும் எதிர்கொள்ளவேண்டும். பிராண்ட் இணையர் மருந்து கொடுத்ததோடு மதமும் பரப்பினர். மலைமக்களின் வழிபாட்டை மாற்றப்படவேண்டிய ஒன்றாகவே கருதினர். அக்கருத்தை இன்றைய மலைமக்கள் எல்லோரும் ஏற்கவேண்டியதில்லை. இந்திய அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்துள்ளது. சட்டம் அனுமதிக்கும் எல்லை எதுவாயினும், நோயுற்றவனின் கையறுநிலையைச் சமயத்துக்கோ கட்சிக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ தூண்டிலாக்குவது தவறே. கஞ்சிக்கும் மருந்துக்கும் நிபந்தனை இருக்கலாகாது.

ஆகவே உங்கள்முன் சில வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, தங்குங்கள்: ஆறுமாதத் திட்டமும் இரண்டாண்டுத் திட்டமும் உங்களுக்கு அனுபவமாகலாம், மலைக்குப் பயன்படத் தொடங்குவதற்குள் அவை முடிந்துவிடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து தொடர்ந்து இம்மலையில் தங்கிச் சாமை, தினை போன்ற சிறுதானியங்களின் நாட்டு வகைகளைக் காக்க உழைத்தமையாலேயே அப்பணி வேரூன்றியது. இரண்டாவது, மொழியை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு மட்டுமன்றி, சமவெளித் தமிழருக்கும் இது பொருந்தும், ஏனெனில் மலைப்பேச்சைக் கேலி செய்யும் ஆசிரியரிடம் மலைப்பிள்ளை வாய்திறக்காது. மூன்றாவது, ஊர்க்கவுண்டரையும் பெண்களையும் கேட்டபின் பணியைத் தீர்மானியுங்கள். அவர்கள் தண்ணீர் கேட்கும்போது கணினி கொண்டுவராதீர்கள். நான்காவது, பணியை உள்ளூராரிடம் கைமாற்றும் நாளை முதல் நாளிலேயே குறித்துவையுங்கள். கிணற்றுச் சுவரைக் கட்டத் தெரிந்தவர் ஊரில் இருந்தால், கட்டக் கற்பித்தவர் போனபின்னும் சுவர் நிற்கும். ஐந்தாவது, உடன்வரும் உங்கள் குடும்பத்தையும் இம்மலையில் வாழவிடுங்கள். அவர்களைப் பிரிந்துதான் தொண்டு செய்யவேண்டுமென்ற காலம் கடந்துவிட்டது.

உங்கள் சமயம் எது, உங்களை அனுப்பிய அமைப்பு எது என்று மலை முதலில் கேட்பதில்லை. எத்தனை நாள் இருப்பீர்கள் என்றே கேட்கிறது. அதற்கு நேர்மையான விடையோடு வாருங்கள். நெடுநாள் இருக்க முடியாதவர்கள், வந்து போவதை விட, இங்கேயே இருக்கப்போகும் மலைப்பிள்ளை ஒருவர் செவிலியராகவோ ஆசிரியராகவோ படித்துத் திரும்ப உதவுங்கள். அதுவும் தொண்டே, பல வேளைகளில் அதுவே மேலான தொண்டு.